இடிந்ததன் இன்மை: தொழில் மரபும் புகைப்படச் சான்றும்

தொழிற்புரட்சிக் காலம் விட்டுச்சென்ற நூற்பாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் ஊதுலைகளும் கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றைப் போலவே காக்கத்தக்கவை என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உருப்பெற்றது. பிரிட்டனில் மைக்கேல் ரிக்ஸ் 1955இல் எழுதிய கட்டுரை 'தொழில்துறைத் தொல்லியல்' என்னும் தொடரைப் பரவலாக்கியது. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் முகப்பு வளைவு எதிர்ப்புகளை மீறி 1961-62இல் இடிக்கப்பட்டபோது, அதுவரை அறிஞர் சிலரின் அக்கறையாக இருந்த பொருள் பொதுமக்களின் கவலையாகவும் மாறியது. பின்னர், தொழில்துறை மரபுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பு ரஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் 2003இல் ஏற்றுக்கொண்ட சாசனம் இம்மரபின் எல்லையை வரையறுத்தது. ஆலை, சுரங்கம், கிடங்கு, இயந்திரம், போக்குவரத்துக் கட்டமைப்பு ஆகியவற்றோடு, அத்தொழிலைச் சார்ந்து வாழ்ந்தோரின் குடியிருப்பும் வழிபாட்டிடமும் கல்விக்கூடமும் அந்த எல்லைக்குள் வந்தன. இவற்றை எந்த மாற்றத்துக்கும் உட்படுத்துமுன் முறையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்றும், தொழில் நடந்துகொண்டிருக்கும்போதே செய்யப்படும் பதிவே கூடுதல் செய்திகளைத் தரும் என்றும் அச்சாசனம் வலியுறுத்துகிறது. அத்தகைய பதிவின் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாகப் புகைப்படம் விளங்குகிறது.

இங்கே நடைமுறைக் கேள்விகளுக்கு அடியில் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. ஒரு சுரங்கக் கோபுரம் இடிக்கப்பட்டு அதன் படம் மட்டும் ஆவணக் காப்பகத்தில் எஞ்சும்போது, எஞ்சியிருப்பது எது? கோபுரத்தின் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறதா, கோபுரத்தைப் பற்றிய அறிவு எஞ்சியிருக்கிறதா, அல்லது கோபுரத்தோடு தொடர்பே இல்லாத வேறொரு புதிய பொருள் தோன்றியிருக்கிறதா? 'காத்தல்' என்னும் சொல்லை ஆவணப்படுத்துவோர் தயக்கமின்றி ஆள்கின்றனர். ஆயினும் காக்கப்படும் பொருள் எது என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை.

இக்கேள்வி கோயிலைக் குறித்தோ ஓவியத்தைக் குறித்தோ எழுவதைவிடத் தொழிற்கூடத்தைக் குறித்துக் கூர்மையாக எழுவதற்குக் காரணம் உண்டு. கோயில் நிலைத்திருப்பதற்கென்றே கட்டப்படுவது. ஊதுலை, அதாவது இரும்புத் தாதுவைக் கற்கரியோடும் சுண்ணாம்புக் கல்லோடும் இட்டு வெப்பக் காற்றை ஊதி உருக்கும் உயர்ந்த உலை, தேய்ந்து போவதற்கென்றே கட்டப்படுவது. அதன் உட்புறச் சூளைக்கல் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். செய்முறை மாறினால் குழாய்கள் மாறும், சந்தை சரிந்தால் உலையே அணையும். அதன் வடிவத்தைத் தீர்மானித்ததும் சிற்பியின் கற்பனையன்று. வாயு எவ்வழியே செல்ல வேண்டும், தாது எவ்வுயரத்திலிருந்து விழ வேண்டும் என்னும் கணக்கே அதைத் தீர்மானித்தது. ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்திலுள்ள ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1986இல் நிறுத்தப்பட்டு 1994இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கு ஆறு ஊதுலைகளும் இன்றும் நிற்கின்றன. ஆயினும் இரும்பு உருகாத உலை உலைதானா என்னும் ஐயம் நிற்கும் உலையைப் பற்றியே எழக்கூடியது. எனவே படத்தில் மட்டும் எஞ்சிய உலையைப் பற்றிய ஐயத்தையும் அதனின்று முற்றிலும் வேறானதாகக் கொள்ள இயலாது.

இந்த ஐயத்தை ஆராய்வதற்கு பெர்ன்ட் பெஹெர் (1931-2007), ஹில்லா பெஹெர் (1934-2015) ஆகிய ஜெர்மானியத் தம்பதியினரின் பணியைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. பெர்ன்ட் பிறந்த ஊர் இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த சீகன். 1950களின் பிற்பகுதியில் அவ்வட்டாரத்துச் சுரங்கம் ஒன்றை அவர் வரைந்துகொண்டிருந்தபோதே அதை இடிக்கும் வேலை தொடங்கிவிட்டதால், கோட்டோவியத்தால் எட்டிப்பிடிக்க இயலாததைப் புகைப்படத்தால் பிடிக்க முனைந்தார். 1959முதல் இருவரும் சேர்ந்து பணியாற்றினர், 1961இல் மணந்துகொண்டனர். ரூர் பள்ளத்தாக்கு, பெல்ஜியம், பிரான்சு, தென்வேல்சு, வட அமெரிக்கா என ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பயணம் செய்து, சுரங்கத் தூக்குக் கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டிகள், எரிவாயுக் கலன்கள், சுண்ணாம்புக் காளவாய்கள், குளிர்விப்புக் கோபுரங்கள், ஊதுலைகள் ஆகியவற்றை ஒரே முறையில் படமெடுத்தனர். நிழல் விழாத மேகமூட்டமான வானம், சற்றே உயர்ந்த பார்வை நிலை, பொருளை நேருக்கு நேர் நடுவில் நிறுத்தும் சட்டகம், பெரிய அளவு நெகட்டிவ் கொண்ட கேமரா, நீண்ட நேர ஒளிப்பதிவு ஆகியவை அம்முறையின் கூறுகள். மனிதர் படத்தில் இடம்பெறுவது மிக அரிது. பின்னர் ஒரே வகையைச் சேர்ந்த ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து படங்களை வரிசையும் நிரையுமாக அடுக்கி ஒரே படைப்பாக வைத்தனர். இந்த அடுக்குமுறையை அவர்கள் 'வகையியல்' என்றனர். 1970இல் வெளிவந்த அவர்களின் நூல் 'அநாமதேயச் சிற்பங்கள்' என்னும் தலைப்பைத் தாங்கியது. 1990இல் வெனிஸ் பியெனாலே கண்காட்சி அவர்களுக்குத் தங்கச் சிங்க விருதை வழங்கியபோது, அதைச் சிற்பக்கலைப் பிரிவில் வழங்கியது.

இந்த அடுக்குமுறை இந்தியத் தருக்க நூல்கள் நெடுங்காலம் விவாதித்த சிக்கல் ஒன்றைக் கண்முன் நிறுத்துகிறது. ஒரு பெயர்ச்சொல் எதைக் குறிக்கிறது என்னும் விவாதத்தில் நியாய சூத்திரம் மூன்றைப் பிரித்துக் கூறுகிறது: தனிப்பொருளாகிய வியக்தி, உறுப்புகள் அமைந்திருக்கும் முறையாகிய ஆகிருதி, பலவற்றுக்கும் பொதுவான தன்மையாகிய சாதி. சொல் இம்மூன்றையும் சேர்த்தே உணர்த்துகிறது என்பது அந்நூலின் முடிவு. தனித்து நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியின் படத்தில் காண்பவர் வியக்தியை மட்டுமே காண்கிறார். ஒன்பது தொட்டிகளை ஒருசேரக் காணும்போது, எதிலும் முழுமையாக இல்லாததும் எல்லாவற்றிலும் பங்குகொண்டதுமான ஒரு பொதுமை புலப்படுகிறது. அதே வேளையில், இந்தத் தொட்டியின் ஏணி ஏன் வளைந்திருக்கிறது, அதன் கூரை ஏன் கூம்பாக இருக்கிறது என்னும் வேறுபாடுகளும் கூர்மையடைகின்றன. பொதுமை தெரிவதால்தான் தனித்தன்மையும் தெரிகிறது. நிலத்தில் நூறு கல் தொலைவு விலகி நின்ற தொட்டிகள் இவ்வாறு அருகருகே நிற்கும் இடம் வேறெங்கும் இல்லையாதலால், இந்த அறிவு கட்டடங்களில் முன்னரே இருந்து படத்துக்கு வந்ததன்று. படங்களின் சேர்க்கையிலேயே பிறந்தது. இந்த அளவில் புகைப்படம் இருந்ததைக் காப்பதோடு நில்லாமல், இருந்தபோது எவருக்கும் புலப்படாத ஒன்றைப் புலப்படுத்தவும் செய்கிறது.

ஆயினும் இது அறிவைப் பற்றிய விடையேயன்றிப் பொருளைப் பற்றிய விடையன்று. பொருளைப் பற்றி மேலைச் சிந்தனையாளர் இருவர் கூறியவை இங்கே கருதத்தக்கவை. பிரெஞ்சுத் திரைப்பட அறிஞர் ஆந்த்ரே பாசான் 1945இல் எழுதிய கட்டுரையில், சாவுக்கு எதிராக உடலைப் பதப்படுத்திய எகிப்தியரின் வேட்கையே உருவக் கலைகள் அனைத்துக்கும் அடியில் இருக்கிறது என்றும், ஒளியின் வழியே பொருளிலிருந்து நேரடியாகப் பிறப்பதால் புகைப்படம் அவ்வேட்கையை ஓவியத்தைவிட நிறைவேற்றுகிறது என்றும் வாதிட்டார். ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட நூலில் இன்னும் அடக்கமான கருத்தை முன்வைத்தார்: புகைப்படத்தின் சாரம், தன்முன் ஒரு பொருள் இருந்தது என்று மறுக்கவியலாதபடி சான்று பகர்வதே. முன்னவர் கருத்தில் பொருள் ஏதோ ஒரு வகையில் தொடர்கிறது. பின்னவர் கருத்தில் பொருள் போய்விட்டது, அது இருந்தது என்னும் உறுதி மட்டுமே தொடர்கிறது.

இந்தியத் தத்துவப் பள்ளிகளைக் கேட்டால் இக்கேள்வி மேலும் தெளிவாகப் பிரிகிறது. சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கும் சற்காரியவாதம், காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் உள்ளது என்றும், அழிவு என்பது காரியம் தன் காரணத்தில் ஒடுங்குவதே என்றும் கூறுகிறது. ஊதுலைகளின் வரலாறு இக்கொள்கைக்கு வியப்பான முறையில் ஒத்துப்போகிறது. பிரிக்கப்பட்ட உலையின் எஃகு பழைய இரும்பாக விற்கப்பட்டு வேறோர் உலையில் மீண்டும் உருகுகிறது, உலோகம் எங்கும் போய்விடவில்லை. இக்கொள்கையின்படி நோக்கினால் இழப்பு என்பதே அத்துணைப் பெரிதன்று. மறுமுனையில் பௌத்தரின் கணபங்கவாதம், எப்பொருளும் ஒரு கணத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்றும், நிலைப்பதுபோல் தோன்றுவது ஒத்த கணங்களின் தொடர்ச்சியே என்றும் கூறுகிறது. பூச்சு மாறி, குழாய் மாறி, தொழிலாளர் மாறி நின்ற உலைக்கு இக்கருத்தும் பொருந்துவதே. இதன்படி நோக்கினால் இடிக்கப்படாத உலையும் காக்கப்பட்டதன்று. ஒரு கொள்கையில் எதுவும் இழக்கப்படுவதில்லை; மற்றதில் எதையும் காக்க இயலாது. இரண்டிலுமே புகைப்படம் ஆற்றும் பணி மங்கிவிடுகிறது.

நியாய வைசேடிகர் வழி இவ்விரண்டுக்கும் வேறானது. காரியம் முன்பு இல்லாத புதிய பொருளாகத் தோன்றுகிறது என்பதும், அது அழிந்தால் உண்மையாகவே இல்லாமற் போகிறது என்பதும் அவர்கள் கொள்கை. அதற்கும் மேலாக, இல்லாமையாகிய அபாவத்தையே அவர்கள் உலகின் பதார்த்தங்களுள், அதாவது அறியத்தக்க பொருள்வகைகளுள், ஒன்றாக எண்ணினர். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றி, சிவஞான முனிவரால் தமிழாக்கப்பட்ட தருக்கசங்கிரகம் அபாவத்தை நான்காக வகுக்கிறது. பொருள் தோன்றுமுன் உள்ள இன்மை ஒன்று. அழிந்தபின் உள்ள இன்மை ஒன்று. எக்காலத்தும் உள்ள இன்மை ஒன்று. ஒரு பொருள் மற்றொன்றாக இல்லாமை ஒன்று. இவற்றுள் இரண்டாவதாகிய அழிவுபாட்டின்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்பது அந்நூலின் இலக்கணம். இடித்த கோபுரத்தை அதே வரைபடத்தின்படி திரும்பக் கட்டினாலும் தோன்றுவது வேறொரு கோபுரமே. முதற்கோபுரத்தின் இன்மை அப்படியே இருக்கும். இடிப்பு என்பது சில நாள்களில் நடந்து முடியும் செயல்போலத் தோன்றினாலும், இக்கொள்கையின்படி அது முடிவே இல்லாத ஒன்றைத் தொடங்கி வைக்கும் செயல்.

இக்கொள்கையின் மற்றொரு கூறு புகைப்படத்துக்கு இன்னும் நெருக்கமானது. இன்மை என்பது எப்போதும் ஏதோ ஒன்றன் இன்மையே. அந்த ஒன்றைத் தருக்க நூலார் பிரதியோகி என்பர். குடம் என்ன என்று அறியாதவர் வெறுந்தரையைக் கண்டு 'இங்கே குடம் இல்லை' என்று அறிய மாட்டார். அவர் தரையை மட்டுமே காண்பார். இன்மையை அறிவதற்கு இல்லாத பொருளின் நினைவு இன்றியமையாதது. மீமாஞ்சகருள் பிரபாகரர் வழியினரோ இன்மை என்று தனிப்பொருள் ஏதும் இல்லை, குடமில்லாத தரை என்பது வெறுந்தரையே என்று மறுத்தனர். ஆலை இடிக்கப்பட்ட நிலத்தை விற்பவரும் வாங்குபவரும் அறியாமலே பிரபாகரர் வழியைப் பின்பற்றுகின்றனர்; அவர்களுக்கு அது சமன்செய்யப்பட்ட மனை மட்டுமே. ஒரு தலைமுறை கடந்தபின் அவ்வூரில் பிறப்போருக்கும் அது அவ்வாறே தோன்றும். நினைவுடையோர் மறைந்ததும் இன்மையும் அறியப்படாததாகிவிடும்.

புகைப்படத்தின் உண்மையான பணி இங்கேதான் புலனாகிறது. அது கோபுரத்தைக் காப்பதில்லை. காக்க அதனால் இயலவும் இயலாது. அது பிரதியோகியின் நினைவைக் காக்கிறது. அதன் வழியே இன்மையை அறியத்தக்கதாக வைத்திருக்கிறது. பாசான் கூறியதுபோல் இறந்ததை அது பதப்படுத்தவில்லை. இறந்தது இன்னது, இன்ன வடிவினது, இன்ன இடத்தது என்று சுட்டும் அறிவைத் தாங்கி நிற்கிறது. பெஹெர் தம்பதியினரின் முறையில் கலையார்வலர் சிலருக்கு வறட்சியாகத் தோன்றும் கூறுகள் அனைத்தும் இந்நோக்கில் பொருள் பெறுகின்றன. அழகிய மாலை ஒளியும் வியத்தகு கோணமும் காண்பவரின் உள்ளத்தில் ஓர் உணர்ச்சியை விட்டுச்செல்லும், பொருளின் விளிம்பை விட்டுச்செல்லா. நிழலற்ற ஒளியும் நேர்ப்பார்வையும் பொருளை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளாத அளவுக்கு வரையறுத்து வைக்கும். துல்லியமான பிரதியோகி இல்லாமல் துல்லியமான இன்மையறிவு இல்லை.

இவ்வாறு கொண்டால், ஆவணப் புகைப்படத்தின் அறநிலையும் ஆராயப்பட வேண்டியதாகிறது. அமெரிக்காவில் வரலாற்றுப் பொறியியல் பதிவு என்னும் திட்டம் 1969இல் தொடங்கப்பட்டது. பாலங்கள், அணைகள், ஆலைகள் ஆகியவற்றின் அளவு வரைபடங்களும் பெரிய நெகட்டிவ் படங்களும் எழுத்துரைகளும் அத்திட்டத்தின் வழியே நாடாளுமன்ற நூலகத்தில் சேர்கின்றன. ஆனால் 1966ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அரசு தொடர்புடைய திட்டத்தால் ஒரு கட்டடம் அழிய நேரும்போது, அதற்கு ஈடுசெய்யும் நடவடிக்கையாக இத்தகைய பதிவு பலமுறை ஏற்கப்படுகிறது. அதாவது, படமெடுத்தாயிற்று என்பதே இடிப்பதற்குரிய நிபந்தனையை நிறைவேற்றிவிடுகிறது. செய்யவிருக்கும் தவறுக்கு முன்கூட்டியே செய்துகொள்ளும் பிராயச்சித்தமாகப் பதிவு மாறும்போது, படம் பொருளின் பதிலியாகக் கருதப்படுகிறது. மேற்கண்ட ஆராய்ச்சியின்படி இது பிழை. பிரதியோகியின் நினைவு பிரதியோகி ஆகாது. நன்கு எடுக்கப்பட்ட படம் இழப்பை ஈடுசெய்வதில்லை, இழப்பை இன்னும் தெளிவாக்குகிறது. இடித்தவரின் பொறுப்பை அது குறைப்பதில்லை, நிலைநிறுத்துகிறது.

இதற்கு எதிர்மாறான சான்றும் உண்டு. டார்ட்மண்ட் நகரின் புறத்தேயுள்ள சோலர்ன் நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திரக் கூடம், கலைநயம் மிக்க நுழைவாயிலோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டபின் 1969இல் அது இடிக்கப்பட இருந்தபோது, கலைஞரும் கட்டடக்கலை அறிஞரும் எழுப்பிய எதிர்ப்பில் பெஹெர் தம்பதியினரின் குரலும் சேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் கூடம் காப்புக்குரியதாக அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியில் தொழில்நுட்பச் சின்னங்களைக் காக்கும் இயக்கத்துக்கு அதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது. நிற்கும் கட்டடத்தின் படம் அதன் வருங்கால இன்மையை முன்கூட்டியே காண வைக்க வல்லது. அவ்வாறு காண வைத்து இடிப்போரைத் தயங்கச் செய்தால், அது சான்றாக மட்டும் நில்லாமல் எச்சரிக்கையாகவும் ஆகிறது.

இனி, இவ்வாதத்துக்கு எதிரே வைக்கத்தக்க வலிமையான மறுப்பு ஒன்றையும் எதிர்கொள்ள வேண்டும். வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்பட வரலாற்றுக் கட்டுரையில் நாடக ஆசிரியர் பிரெக்டின் கருத்து ஒன்றை எடுத்தாண்டார்: குருப் ஆலையின் படமோ ஏ.ஈ.ஜி. ஆலையின் படமோ அந்நிறுவனங்களைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. ஏனெனில் ஆலையின் உண்மை சுவர்களில் இல்லை, அங்கே மனிதர்க்கிடையே நிலவும் உறவுகளில் இருக்கிறது. ஊதியம், வேலை நேரம், நுரையீரலில் படிந்த தூசு, மேற்பார்வையாளரின் அதிகாரம் ஆகிய எவையும் முகப்புத் தோற்றத்தில் விழுவதில்லை. ஜப்பானின் நாகசாகிக்கு அருகிலுள்ள ஹாஷிமா தீவின் நிலக்கரிச் சுரங்கம் 1974இல் மூடப்பட்டது. கைவிடப்பட்ட அடுக்குமாடிகளின் படங்கள் உலகெங்கும் வியந்து நோக்கப்பட்டன. ஆனால் 2015இல் அத்தீவு உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றபோது, போர்க்காலத்தில் அங்கே கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்ட கொரியரைப் பற்றிய உண்மை எவ்வாறு எடுத்துரைக்கப்படும் என்பதே சர்ச்சையாயிற்று. எடுத்துரைப்பு போதுமானதாக இல்லை என்று உலக மரபுக் குழு 2021இல் வருத்தம் தெரிவித்தது. இடிந்த கான்கிரீட்டின் அழகிலிருந்து இதை எவரும் அறிந்திருக்க இயலாது.

இந்த மறுப்பு உண்மையே. ஆயினும் அது புகைப்படத்தின் எல்லையைக் காட்டுகிறதேயன்றி அதன் பணியை மறுக்கவில்லை. எதன் இன்மை அறியப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது படம் எடுப்பவரின் தெரிவு. பெஹெர் தம்பதியினர் வடிவத்தைத் தேர்ந்தனர். அவர்கள் படங்களைக் கொண்டு வடிவத்தின் இழப்பை அறியலாம், உழைப்பின் இழப்பை அறிய இயலாது. பிரேசில் நாட்டின் செபாஸ்தியாவ் சல்காதோ, 1993இல் வெளிவந்த 'உழைப்பாளர்' நூலுக்காக, வங்கதேசத்தில் கப்பல் உடைப்போரையும் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரையும் படமெடுத்தபோது மற்றப் பாதியைத் தேர்ந்தார். நிஷ்னி தாகில் சாசனம், வழக்கொழிந்த செய்முறைகளுக்குரிய மனிதத் திறன்கள் ஈடுசெய்ய இயலாதவை என்றும், அவையும் பதிவாகிக் கைமாற வேண்டும் என்றும் கூறுவது இக்குறையை உணர்ந்தே. எனவே படத்தோடு வாய்மொழி வரலாறும் ஊதியப் பதிவேடும் விபத்துக் குறிப்பும் சேரும்போதுதான் இன்மையின் முழு உருவம் அறியத்தக்கதாகிறது.

புகைப்படமும் தொழிலின் விளைபொருளே என்பதை மறப்பதற்கில்லை. வெள்ளி உப்பும், மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பிரித்தெடுத்த ஜெலட்டினும் கலந்த பூச்சை முழு இருளில் படச்சுருளில் ஏற்றிய ஆலைகளே இருபதாம் நூற்றாண்டின் ஆவணங்களுக்கு அடித்தளம். எண்முறைக் கேமராக்கள் பரவியதும் அவையும் ஒவ்வொன்றாக அழிந்தன. கனடாவின் ராபர்ட் பர்லி, ராச்செஸ்டரிலும் பிரான்சின் ஷலோன்-சுர்-சோனிலும் கோடாக் ஆலைக் கட்டடங்கள் 2007இல் தகர்க்கப்பட்டதைப் பதிவுசெய்தார். அவற்றுள் ஷலோன், புகைப்படத்தைக் கண்டுபிடித்தோருள் முதல்வரான நியெப்ஸ் பிறந்த ஊர். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனமும் இதே மாற்றத்தில் நலிந்து மூடப்பட்டது. சாட்சியும் சாகக்கூடியதே என்பது இதனால் உறுதிப்படுகிறது. நெகட்டிவ் மங்கும், எண்முறைக் கோப்பு பராமரிப்பின்றிப் படிக்க இயலாததாகும். ஆகவே புகைப்படத்தை நிலைபேற்றின் கருவியாகப் போற்றுவது ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று.

அழிந்ததன் இன்மைக்கு முடிவில்லை என்றால், அதை அறிந்திருக்கும் கடமைக்கும் முடிவில்லை. ஆனால் அந்த அறிவைத் தாங்கும் படத்துக்கு முடிவு உண்டு. இந்த முரணால், ஆவணப்படுத்தல் ஒருமுறை செய்து முடித்து அலமாரியில் வைக்கும் வேலையாக இருக்க இயலாது. படங்களை மறுபடி எடுத்துப் பார்த்து, ஒப்பிட்டு, அவற்றில் இல்லாத தொழிலாளரின் சொற்களோடு சேர்த்து, அடுத்த தலைமுறைக்கு விளக்கிக் கையளிக்கும் இடையறாத செயலாகவே அது இருக்க வேண்டும். தொழில் மரபைப் பொறுத்தவரை காத்தல் என்பது படத்தின் இயல்பன்று; படத்தை முன்வைத்து இங்கே இன்னது இருந்தது, இன்னாரின் முடிவால் அது இல்லாமற் போயிற்று என்று தொடர்ந்து அறியும் சமுதாயத்தின் செயலே காத்தல். அச்செயல் நின்றுவிட்டால், எத்தனை நெகட்டிவ்கள் காப்பகத்தில் குவிந்திருந்தாலும் ஆலை நின்ற இடம் வெறுந்தரையாகவே எஞ்சும்.